நாடகம் என்று குறிக்கப்பட்டவை

செய்தி வெளிவந்த பதினேழாம் நாள் காலை பத்தரை மணிக்குத் திருநெல்வேலி ‘தென்முரசு’ அலுவலகத்துக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். தலைமை நிருபர் தனுஷ்கோடியிடம் அவர்கள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. உள்ளங்கை அகலக் கருவி ஒன்றை மேசைமேல் வைத்து, அவருடைய குரலையே அவருக்குப் போட்டுக் காட்டினார்கள்.

“மாநிலம் முழுவதும் மாட்டப்பட்டிருக்கும் புதிய மின்மீட்டர்கள், வீட்டுக்குள் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருக்கின்றன” என்று அந்தக் குரல் நிதானமாக, கமாவுக்குக் கமா நிறுத்தி வாசித்தது. நடுவில் கொத்தவரங்காய் நறுக்கும் சத்தம். பிறகு அவர் மனைவி ஆவுடையம்மாளின் குரல்: “மூணாவது பத்தி இழுக்குங்க. ரெண்டா வெட்டுங்க.”

தனுஷ்கோடிக்குப் பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அந்தச் செய்திக்காக அவர் நாலு மாதம் கைபேசியைத் தொடவில்லை. கணினியில் ஒரு வரி அடிக்கவில்லை. ஆதாரம் கொடுத்தவர் யார் என்று ஆசிரியரிடம்கூட வாய் திறக்கவில்லை. எல்லாவற்றையும் பேனாவால் எழுதி, தாளை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். இவ்வளவும் செய்த மனிதர், அச்சுக்குக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால், வீட்டுக் கூடத்தில் மீட்டருக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, மீட்டர் ஒட்டுக்கேட்கிறது என்ற செய்தியைச் சத்தம் போட்டு வாசித்திருக்கிறார். எழுதியதை ஆவுடைக்கு வாசித்துக் காட்டாமல் முப்பத்திரண்டு வருடத்தில் அவர் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. மூளை அத்தனை உஷாராக இருந்தபோது வாய் தன் பாட்டுக்குப் பழைய வேலையைப் பார்த்துவிட்டது.

“ஆதாரம் யாருன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

“நாங்க கேக்கவே இல்லையே சார்” என்றார் மூத்த அதிகாரி. சென்னைக்காரர். அவர் முகத்தில் அசதி அப்பிக் கிடந்தது. “ஆளைப் பிடிச்சாச்சு. உங்க செய்தி வந்ததும் அதுல இருந்த வரிகளை வச்சுப் பழைய பதிவுகள்ல தேடினோம். இது சிக்குச்சு. பதிவுகளைக் கேக்குற இந்த ஊர் மையத்துல சொரிமுத்துன்னு ஒரு கேட்பாளர் கைக்குப் போயிருக்கு. தொண்ணூறு வினாடி, தொண்ணூறு வினாடியா வெட்டித்தான் அவங்களுக்குப் போகும். நீங்க வாசிச்சது பதினோரு துண்டு. பதினொண்ணையும் ‘நாடகம்’னு குறிச்சிருக்கான்.”

“நாடகம்னா?”

“டிவி சீரியல் சத்தம். மீட்டருக்கு வீட்டுக்காரர் பேசுறதும் டிவி பேசுறதும் ஒண்ணுதான். மனுஷன் கேட்டுத்தான் பிரிக்கணும். அதுக்குத்தான் ஐயாயிரம் பேரை உக்கார வச்சிருக்கோம். மெஷினுக்குத் தமிழ் தெரியும் சார், நம்ம ஆளுங்க பேசுறதுதான் புரியாது. ‘நீ நல்லா இரு’ன்னு வாழ்த்தினாலும் அதே வார்த்தை, வயிறு எரிஞ்சு சொன்னாலும் அதே வார்த்தை.” அவர் கருவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். “ஒரு துண்டு தப்பாப் போகலாம். பதினொண்ணும் போகுமா? தெரிஞ்சுதான் மறைச்சிருக்கான். உங்களுக்குத் தகவல் குடுத்தவன் அவன்தான்.”

“அவன் பேரையே நான் இப்பத்தான் கேள்விப்படுறேன்.”

“அப்படித்தானே சொல்லுவீங்க.” அதிகாரி எழுந்தார். “உங்களைத் தொட மாட்டோம். தொட்டா பத்திரிகைச் சுதந்திரம்னு கிளம்பிருவாங்க. ரகசியக் காப்புச் சட்டத்துல அவனுக்குப் பத்து வருஷம் உறுதி.”

அவர்கள் போன பிறகு தனுஷ்கோடி நிமிர்ந்து பார்த்தார். சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பதினேழு நாளாக அதே கூத்துதான். மின்திருட்டைக் கண்டுபிடிக்கத்தான் மீட்டருக்குக் காது வைத்தோம் என்று மந்திரி சொன்னார். அரசாங்கம் படுக்கையறைக்குள் புகுந்துவிட்டது என்று எதிர்க்கட்சி சட்டசபையிலிருந்து வெளியேறியது. மறுநாள் திரும்ப உள்ளே போய் மறுபடியும் வெளியேறியது. ரகசியத்தை வெளியிட்டவன் தேசத் துரோகி என்று நாலு பேரும் தியாகி என்று நாலு பேரும் எல்லா அலைவரிசையிலும் கத்தினார்கள். இப்போது துரோகிக்கும் தியாகிக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. சாயங்காலமே சொரிமுத்துவின் படம் போட்ட சுவரொட்டிகள் ஜங்ஷன் பாலத்தடியில் முளைத்தன. அந்த ஆளுக்கு இதில் எள்ளளவும் சம்பந்தமில்லை என்பது ஊரில் தனுஷ்கோடியையும் தகவல் கொடுத்தவரையும் தவிர யாருக்கும் தெரியாது.

உண்மையில் தகவல் கொடுத்தவர் அமலோற்பவம். தூத்துக்குடிக்காரர், ஐம்பத்தெட்டு வயது. தட்டச்சுப் பள்ளி நடத்தியவர் என்பதால் எல்லாருக்கும் அவர் டீச்சர். சொரிமுத்து வேலை பார்த்த கேட்பாளர் மையத்திலேயே மேற்பார்வையாளராக இருந்தார். ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கி.

மறுநாள் மதியம் சொரிமுத்துவின் மனைவி பிரமு அலுவலகத்துக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“அண்ணாச்சி, அவுக தியாகியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூங்கிட்டாவ. அவ்வளவுதான்.”

“தூங்கிட்டாரா?”

“ஒரு நாளைக்கு முன்னூறு துண்டு கேக்கணும். காதுல மாட்டிக்கிட்டு ஒரே இடத்துல எட்டு மணி நேரம். யாருக்குத்தான் கண்ணு சொக்காது? நாலு பொத்தான் இருக்காம். சாதாரணம், கோபம், கவனிக்க, நாடகம். நாடகம்னு அமுக்கிட்டா மேல யாரும் திருப்பிக் கேக்க மாட்டாவளாம். பழைய பதிவுகளோட போய்க் கிடக்குமாம். மத்த எதை அமுக்கினாலும் கேள்வி வரும். அதனால தூக்கம் வந்தா எல்லாருமே அதைத்தான் அமுக்குவாவளாம். ஜெயில்ல வச்சு எங்கிட்ட சொன்னாவ. வக்கீலும் கோர்ட்டுல சொல்லிப் பாத்தாரு. சிரிக்காவ.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க வாசிச்சதைக் கேட்டுத்தான் அவுகளைப் பிடிச்சிருக்கு. நீங்கதான் சொல்லணும். நீங்க சொன்னா ஊரு கேக்கும்லா.”

தனுஷ்கோடி என்ன சொல்வார்? அவன் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி யார் என்பதுதான். “பாக்கிறேன் தாயி” என்றார். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. இருந்தும் அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு அன்றைக்கு முழுவதும் அவரைச் சாப்பிட விடவில்லை.

டீச்சரை அவர் எப்போதும் கண் ஆஸ்பத்திரியில்தான் சந்திப்பார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரியும்வரை முக்கால் மணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். நீளப் பெஞ்சில் அறுபது பேர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்கள். யாரும் யாரையும் பார்க்க முடியாது. ரகசியம் பேச அதைவிட நல்ல இடம் ஜில்லாவிலேயே இல்லை என்று கண்டுபிடித்தது டீச்சர்தான். அந்த வெள்ளிக்கிழமையும் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் கண் மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்தப் பையனைப் பிடிச்சதுக்கு நான்தான் காரணம்” என்றார் தனுஷ்கோடி. “வீட்ல வச்சு வாசிச்சுட்டேன். முட்டாள்தனம்.”

“நானும்தான் சார் காரணம். நான் கொண்டுவந்து தரலைன்னா நீங்க எதை வாசிச்சிருப்பீங்க?” டீச்சர் குரல் தாழ்ந்துதான் இருந்தது. “நான் ஏன் தந்தேன்னு ஞாபகம் இருக்கா? புதுசா ஒரு பிள்ளை வந்துச்சு. ரொம்ப ஒழுங்கு. ஒரு துண்டு விடாம கேட்டு, உள்ளதை உள்ளபடி குறிச்சுது. ஒரே மாசத்துல கீழமருதூர்த் தறிக்காரங்க மூணு பேரை அள்ளிட்டுப் போனாங்க. கூலி கேட்டுக் கூட்டம் போடணும்னு வீட்ல பேசினதுக்கு. அன்னைக்குத்தான் இது இனித் தாங்காதுன்னு முடிவு பண்ணினேன்.”

“பிரமு சொல்றா, தூக்கம் வந்தா எல்லாருமே நாடகம்னுதான் அமுக்குவாங்களாம்.”

பெஞ்சின் கோடியில் யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள்.

“மூணு வருஷக் கணக்கு இருக்கு” என்றார் டீச்சர். “மாநிலம் முழுக்க. நூறு துண்டு போனா எழுபத்தோரு துண்டு நாடகம்னு திரும்பி வருது. எந்த ஊர்லயும் வீட்ல அவ்வளவு நேரம் டிவி ஓடாது சார். அந்தத் தாளைப் போட்டீங்கன்னா, அவன் ஒருத்தன் மட்டும் தூங்கல, ஐயாயிரம் பேரும் தூங்கினாங்கன்னு ஆயிரும். வழக்கு நிக்காது.”

“அந்தத் தாள் யார் யார் கையில இருக்கும்?”

“ஏழு மேற்பார்வையாளர். ஏழே பேர்.”

“அப்ப வேண்டாம்” என்றார் தனுஷ்கோடி. கண்ணை மூடியிருந்ததால் அதைச் சொல்வது கொஞ்சம் எளிதாக இருந்தது.

“பத்து வருஷம் சார் அவனுக்கு. எனக்கு இந்த வயசுல என்ன, சாப்பாடு போட்டு மருந்து குடுப்பாங்க.” மடித்த காகிதம் ஒன்று அவர் கைக்கு வந்தது. “அவங்க தூங்கினாங்கன்னே எழுதுங்க. வேற எதையும் சேர்க்காதீங்க. தூக்கம்னு மட்டும் எழுதுங்க.”

ஆசிரியர் மார்த்தாண்டன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“போன மாசம் பூதம்னு எழுதினோம். இந்த மாசம் அந்தப் பூதம் குறட்டை விடுதுன்னு எழுதணுமா? ஊரே நம்மளைப் பாத்துச் சிரிக்கும்வே.”

“சிரிக்கட்டும். அந்தப் பையன் வெளிய வருவான்.”

“எதிர்க்கட்சிக்காரன் சும்மா விடுவானா? அவன் இதை வச்சுத்தான் எலெக்‌ஷனே நிக்கப்போறான்.”

“எனக்கு அலுத்துப் போச்சு மார்த்தாண்டன்” என்றார் தனுஷ்கோடி. “பூதமோ பூனையோ, இருக்கிறதைப் போடுவோம்.”

போட்டார்கள். மார்த்தாண்டன் சொன்னபடி ஊர் சிரித்தது. முதலில் பத்திரிகையைப் பார்த்துச் சிரித்தது, அப்புறம் அரசாங்கத்தைப் பார்த்து. ஒட்டுக்கேட்க உட்கார வைத்த ஐயாயிரம் பேரும் அரசாங்கச் செலவில் தூங்கினார்கள் என்ற செய்தி நாலு நாளில் கல்யாண வீட்டுப் பந்திவரை போய்விட்டது. சுவரொட்டிகளில் சொரிமுத்துவின் படத்துக்கு யாரோ தலையணை வரைந்தார்கள். நேற்றுவரை தியாகி என்றவர்கள் தூங்குமூஞ்சி என்றார்கள்.

ஐந்தாம் நாள் ஏழு மேற்பார்வையாளர்களையும் சென்னைக்கு வரச் சொன்னார்கள். முதல் கேள்வி முடிவதற்குள் டீச்சர் எழுந்து நின்று, மற்ற ஆறு பேரையும் அனுப்பிவிடலாம் என்றாராம். மாற்றுச் சேலையும் ஜெபமாலையும் பையில் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தார் என்று பிறகு வக்கீல் சொன்னார். முதல் செய்தியும் தன்னால்தான் வந்தது என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டதால் சொரிமுத்துவின் மேல் இருந்த வழக்கு விழுந்தது. பணியில் அசட்டை என்று வேலையை மட்டும் பறித்துக்கொண்டு அவனை வெளியே விட்டார்கள்.

தனுஷ்கோடி நிம்மதிப்பட்டிருக்கலாம். ஒருவரைக் கொடுத்து ஒருவரை மீட்டதில் என்ன நிம்மதி வரும்? பாளையங்கோட்டைச் சிறைவாசல்வரை இரண்டு தடவை போனார். அவரைப் பார்க்க டீச்சர் மறுத்துவிட்டார்.

அரசாங்கம் அசரவில்லை. இரண்டே வாரத்தில் மந்திரி சட்டசபையில் எழுந்து, அந்தச் செய்தியை வரி வரியாக வாசித்தார். “யார் வீட்டுப் பேச்சையும் யாரும் கேட்கவில்லை என்று இந்தப் பத்திரிகையே சொல்கிறது. கேட்காத பேச்சுக்கு என்ன அந்தரங்கம் கெட்டது?” என்றார். எதிர்க்கட்சி வரிசையிலும் சிரிப்பு எழுந்தது. அதே மூச்சில், மனிதர்களை வைத்து வேலை வாங்கியதுதான் தவறு என்றும், தமிழ்ப் பேச்சின் ஏற்ற இறக்கம் அத்தனையும் புரியும் புதிய இயந்திரம் தயார் என்றும், அதற்குத் தூக்கமும் சம்பளமும் விடுமுறையும் கிடையாது என்றும் சொன்னார். சிரித்த வாயால் எதிர்க்க யாராலும் முடியவில்லை. மசோதா ஒரு மதியத்தில் நிறைவேறியது. ஐயாயிரம் பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சொரிமுத்து தனுஷ்கோடியின் வீடு தேடி வந்தான். ஒடிசலான ஆள். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். வாசற்படி ஏறச் சொன்னதற்கு ஏறவில்லை. புது மீட்டரைப் பார்த்துவிட்டு, “குறுக்குத்துறை ஆத்தங்கரை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவமா அண்ணாச்சி?” என்றான். ஆவுடை பழத்தை வாங்கி உள்ளே வைத்தாள். இருவரும் நடந்தார்கள்.

ஆற்றில் தண்ணீர் குறைவு. கல்மண்டபத்துப் பக்கம் நாலைந்து பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை ஏதாவது கிடைத்ததா என்று தனுஷ்கோடி கேட்டார். பேட்டையில் ஒரு மரக்கடையில் நிற்பதாகச் சொன்னான். தூங்குமூஞ்சி வந்தாச்சா என்றுதான் முதலாளி தினமும் கூப்பிடுகிறாராம். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அப்புறம் சாதாரணமாக, “மதினிக்கு அந்தத் தலைச்சுத்தல் இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

“இப்பப் பரவாயில்லை” என்று நாலு எட்டு நடந்த பிறகுதான் தனுஷ்கோடி நின்றார். ஆவுடைக்குத் தலைச்சுற்றல் வந்தது ஐப்பசியில். பயப்படுவான் என்று கோயம்புத்தூரில் இருக்கும் மகனிடம்கூடச் சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டதோடு சரி.

“உமக்கு எப்படித் தெரியும்?”

“உங்க தெரு எட்டு மாசமா என் கையிலதான் இருந்துது அண்ணாச்சி.”

“நீர் தூங்கிட்டீர்னுல்லா...”

“தூங்கல.” சொரிமுத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஒரு நாள்கூடத் தூங்கினதில்ல. யாருமே தூங்கல. எப்படித் தூக்கம் வரும்? ஒரு வீட்ல பொம்பளப்பிள்ள வேற சாதிப் பையனோட ரிஜிஸ்டர் ஆபீஸ் போக நாள் பாக்கும். ஒரு வாத்தியாரு ஸ்டிரைக்குக்கு ஆள் சேப்பாரு. ஒரு வயசாளி பென்ஷன் வரலன்னு மந்திரியைப் பச்சைப் பச்சையா ஏசுவாரு. ‘கவனிக்க’ன்னு அமுக்கினா மறுநா அங்க ஆள் போயி நிக்கும். கை போகல. நாடகம்னு அமுக்கிட்டு அடுத்ததைக் கேப்போம்.”

“எல்லாரும் பேசி வச்சுக்கிட்டா?”

“பேசினதே இல்ல. பேசினா அதையும் எவனாவது கேக்கணும்லா. வந்த ஒரு வாரத்துல ஒவ்வொருத்தனுக்கும் தன்னாலயே தெரிஞ்சுபோகும். நீங்க வாசிச்சதையும் பதினோரு துண்டும் முழுசாக் கேட்டேன். மதினி சொன்னது சரிதான், மூணாவது பத்தி இழுத்துது.”

தனுஷ்கோடி மண்டபத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். தெரிந்தே அமுக்கினேன் என்று சொன்னால் ஐயாயிரம் பேரும் உள்ளே போக வேண்டியிருக்கும். தூங்கினேன் என்றால் வேலையோடு போகும். அதனால்தான் தூக்கம். எழுபத்தொன்று என்பது சோம்பேறிகளின் கணக்கு என்று அவர் எழுதினார். அது அந்த ஐயாயிரம் பேர் கண்டும் காணாமல் விட்டதன் கணக்கு. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் எழுதியதிலேயே பெரிய பொய் அதுதான். அதுவும் ஆதாரத்தோடு எழுதிய பொய்.

“டீச்சருக்குத் தெரியுமா?”

“தெரியாமயா? மூணு வருஷம் எங்களைக் காப்பாத்தினது அவுகதான். உங்ககிட்ட சொன்னா எழுதிருவீங்கன்னு நெனச்சிருப்பாவ.”

துவைத்த துணியை யாரோ படியில் ஓங்கி அடித்தார்கள். ஏதாவது ஒரு ஆறுதல் கிடைக்குமா என்று தேடுகிற குரலில் தனுஷ்கோடி கேட்டார்: “அந்தப் புது மெஷினுக்கு யார் பழக்கிக் குடுத்தது? நீங்க போட்ட குறியை வச்சுத்தானே பழக்கியிருப்பாங்க?”

“அப்படித்தான் இருந்துது அண்ணாச்சி. மூணு வருஷமா நாங்க குறிச்சதைத்தான் அதுக்குப் பாடமாக் குடுக்கதா இருந்தாவ. அதைப் படிச்சிருந்தா அதுவும் எங்களை மாதிரியே பாதிக்கு மேல விட்டிருக்கும். பெறவு தூங்குமூஞ்சிப் பயலுவ போட்ட குறி செல்லாதுன்னு அத்தனையும் தூக்கிப் போட்டுட்டாவ. கீழமருதூரைக் குறிச்சுதே ஒரு பிள்ளை, அது குறிச்சதை மட்டும் எடுத்துக்கிட்டாவளாம்.”

அவன் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அது இருந்திருந்தால் தனுஷ்கோடிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இனி மாநிலத்தில் ஒவ்வொரு கூடத்திலும் ஒவ்வொரு அடுப்படியிலும் ஒழுங்கான அந்த ஒரு பிள்ளைதான் உட்கார்ந்து கேட்கப்போகிறது.

“இதை ஏன் எங்கிட்ட வந்து சொல்லுதீர்?” என்றார்.

சொரிமுத்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தான்.

“பிரமுகிட்டகூடச் சொல்லல. அவளும் நான் தூங்கினேன்னுதான் நெனச்சிருக்கா. ஊரு என்ன சொன்னாலும் போகுது, ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கணும்போல இருந்துது. வேற ஒண்ணும் இல்ல.” வேட்டி நுனியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே சொன்னான்: “எழுதிராதீங்க அண்ணாச்சி.”